காத்திக் கதை இரண்டை ஒப்பிட்டு எழுதுவது எப்படி? எல்லையோரத் தமிழ்வழி மாணவர்களுக்கு

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆங்கில இலக்கியம் எடுத்தேன். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், மண்டைக்குள் ஓடுவது தமிழில். இப்படி இரண்டு வருடம் போனபின் ஓர் அசைன்மெண்ட் வந்தது. காத்திக் படைப்புகள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவற்றில் 'மூட்' (mood) என்கிற மனச்சூழலும் அமானுஷ்யமும் எப்படி வருகின்றன என்று பத்துப் பக்கத்தில் ஒப்பிட வேண்டும். பழைய வீடு, மூடிவைத்த ரகசியம், சாவின் நிழல், காரணம் பிடிபடாத பயம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் காத்திக். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

என் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது. ஐந்து வாரமும் ஆயிரம் ரூபாய்க்கு மேலும் போயின. சரியான வரிசையில் செய்திருந்தால் மூன்று வாரமும் 350 ரூபாயும் போதும். சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்தும், மேலே தேவிகுளம், பீர்மேட்டிலிருந்தும் இதே படிப்புக்கு வருகிறவர்கள் நிறைய. உங்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. சின்னக் கதைகளாக எடுங்கள், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்

முதலில் எல்லோரும் டிராகுலாவைத்தான் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். அது தடித்த நாவல். மூன்று வாரத்தில் இரண்டு தடவை படிக்க முடியாது, ஒப்பீட்டுக்கோ இரண்டு தடவை படித்தே ஆக வேண்டும்.

நான் கடைசியில் எடுத்தவை இரண்டு. ஒன்று, எட்கர் ஆலன் போ 1839இல் வெளியிட்ட 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்'. சுமார் 7,000 சொற்கள்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். மற்றது ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. 40,000 சொற்களுக்குச் சற்று மேலே வரும் குறுநாவல், ஒரு முன்னுரையும் 24 அத்தியாயங்களும். இனி இவற்றை அஷர், ஸ்க்ரூ என்றே சொல்கிறேன்.

ஒன்று சிறியது, மற்றது நடுத்தரம். இரண்டிலும் பெரிய வீடு, இரண்டிலும் வீட்டையொட்டி நீர்நிலை, இரண்டிலும் ஒரு அண்ணன் தங்கை ஜோடி. ஒப்பிடுவதற்குப் பொதுவான தரை இருக்கிறது, அதன்மேல் வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும். பொதுத்தரை இல்லாத இரண்டை எடுத்தால் ஒப்பீடு ஒட்டாது.

தலைப்பை ஒரு தாளில் எழுதி, வழிகாட்டும் ஆசிரியரிடம் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக வாங்கிய ஒப்புதலை நம்பி நான் பத்து நாள் இழந்தேன். நான் முதலில் சொல்லியிருந்த ஜோடியையே வகுப்பில் இன்னொருவரும் எடுத்திருந்தார்.

2. மூலத்தை இலவசமாக எடுங்கள்

போ இறந்தது 1849இல், ஜேம்ஸ் 1916இல். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை முடிந்துவிடும். ஆகவே இரண்டையும் இணையத்திலிருந்து சட்டப்படியே இறக்கலாம். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இரண்டும் உண்டு. காதால் கேட்டால் எளிதாகப் பிடிபடும் என்பவர்களுக்கு லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவம் கிடைக்கிறது, அதற்கும் காசில்லை.

இறக்கி அச்செடுத்துவிடுங்கள். போனில் படித்தால் ஓரத்தில் குறிப்பு எழுத முடியாது, குறிப்பு இல்லாமல் ஒப்பீடு கிடையாது. எனக்கு இரண்டும் சேர்த்து நூறு பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 200, ஸ்பைரல் பைண்டிங்குக்கு 50.

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும்.

ஜேம்ஸ் 1908இல் தம் தொகுப்புப் பதிப்புக்காகக் கதையைத் திருத்தினார். 1898 பாடத்தில் இருக்கும் சில சொற்கள் 1908 பாடத்தில் மாறியிருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து மேற்கோள் எடுக்கிறீர்கள் என்று முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். நான் பாதியை ஒன்றிலிருந்தும் மீதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்துவிட்டு, எல்லா மேற்கோளையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

அடுத்தது தேர்வுக் கைடு. 280 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அதில் கதைச்சுருக்கத்தைத் தவிர ஒன்றுமில்லை, அந்தச் சுருக்கத்தைப் பின்பற்றித்தான் என் முதல் பிரதி தோற்றது.

மூன்றாவது நெட்ஃப்ளிக்ஸ். ஸ்க்ரூவைத் தழுவி 2020இல் ஒரு தொடரும் அஷரைத் தழுவி 2023இல் ஒரு தொடரும் வந்தன. இரண்டிலும் காலம், பாத்திரங்கள், முடிவு எல்லாம் பெரிதாக மாறியிருக்கின்றன. கட்டுரை முடிந்தபிறகு தாராளமாகப் பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால் தொடரில் வந்தது எது, கதையில் வந்தது எது என்று உங்களுக்கே குழம்பிப்போகும்.

3. முதல் வாசிப்பு கதைக்கு, இரண்டாவது பென்சிலுக்கு

அஷருக்கு இரண்டு நாள், ஸ்க்ரூவுக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஜேம்ஸின் வாக்கியங்கள் நீளமானவை, வினைச்சொல் வந்து சேர்வதற்குள் மூன்று கிளை பிரியும். ஒரு நாளைக்கு ஐந்து அத்தியாயத்துக்கு மேல் போகாதீர்கள். முதல் வாசிப்பில் அகராதி எடுக்கவே வேண்டாம். வீட்டில் சத்தமாக இருந்தால் ஊர் வாயனசாலைக்கு, அதாவது நூலகத்துக்கு, போய்விடுங்கள். நம் பக்கம் அது இல்லாத ஊர் அபூர்வம். அங்கே உட்கார்ந்து படிக்க ஒரு மேசையாவது கிடைக்கும்.

இரண்டாம் வாசிப்பில் இரண்டு நிறப் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளி, ஓசை, வானிலை, கட்டடம் பற்றிய சொல் வந்தால் நீலம். 'இது இயற்கையாக நடக்குமா?' என்று கேட்கத் தோன்றும் இடத்தில் சிவப்பு. முடித்ததும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அஷரின் முதல் பக்கம் முழுக்க நீலம், சிவப்போ கடைசியில் குவிந்திருக்கும். ஸ்க்ரூவில் சிவப்பு நடுவில் திடீர் திடீரென்று வந்து போகும், அதைச் சுற்றி நீலம் அமைதியாகவே இருக்கும். என் கட்டுரையின் மையக்கருத்து இப்படித்தான் கிடைத்தது. அஷரில் மூடு முன்னால் வந்து அமானுஷ்யத்துக்குக் கதவைத் திறந்துவைக்கிறது. ஸ்க்ரூவில் அமானுஷ்யம் முன்னால் வந்துவிடுகிறது, நல்ல வெளிச்சத்தில். மூடு அதற்குப் பிறகுதான் கெடுகிறது.

4. மூடு: மேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மூடு, டோன் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டோன் என்பது சொல்கிறவரின் குரல். படிக்கும் நம் நெஞ்சில் வந்து படிவது மூடு.

அஷர் தொடங்குவது ஓர் இலையுதிர்கால நாளில். மங்கலான, இருண்ட, ஓசையே இல்லாத நாள். மேகம் தாழ இறங்கி அழுத்துகிறது. குதிரையில் தனியாக வருகிறார் கதைசொல்லி. நான் இதைப் படித்தது எங்கள் வீட்டுத் திண்ணையில், ஆடி மாதத்தில். மலைக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு வருவதற்குள் வற்றிப்போகும். கணவாய்க் காற்று மட்டும் பனைமட்டையை அடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதிசயமாக வானம் கறுத்தது. அப்பத்தா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "மேகம் இறங்கி நிக்குது கண்ணு, இன்னிக்காச்சும் பெய்யும்" என்று காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையை அள்ள ஆரம்பித்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என் கையிலிருந்த தாளிலும் அதே மேகம், ஆனால் அங்கே ஒருவர் நெஞ்சு கனத்து நிற்கிறார்.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. மேகத்தில் மூடு இல்லை, அதன் பக்கத்தில் வைத்த சொற்களில் இருக்கிறது. நமக்குக் கார்காலம் என்றால் முல்லை, காத்திருந்தவர் வீடு திரும்பும் பருவம். போ அந்த மேகத்தை 'அழுத்துகிறது' என்கிறார். சன்னல்களை வெறித்த கண்கள் என்கிறார். அழுகிய மரங்களின் வெளுத்த அடிமரங்களைக் காட்டுகிறார். அபின் மயக்கம் தெளியும்போது வரும் கசப்போடு அந்த மனநிலையை ஒப்பிடுகிறார். கதைசொல்லி தேறுவதற்காகக் குட்டையின் ஓரத்தில் நின்று நீரில் வீட்டின் பிம்பத்தைப் பார்க்கிறார், பயம் கூடிவிடுகிறது. ஆகவே 'இருண்ட வானிலை பயத்தை உண்டாக்குகிறது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லின் பக்கத்தில் நின்று பயத்தை உண்டாக்குகிறது என்று காட்டுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஸ்க்ரூவில் இதற்கு நேர்மாறு. ஜூன் மாதம், நீண்ட பகல், பிளை என்ற கிராமத்து மாளிகை, அழகான இரண்டு குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த இளம் கவர்னஸ் மாலை நடையில் யாரையாவது எதிரில் சந்தித்தால் நன்றாயிருக்குமே என்று இனிமையாக நினைத்துக்கொண்டு போகிறாள். நிமிர்ந்தால் கோபுரத்தின் மேல் ஒரு ஆள். அந்த வரிகளை நிதானமாகப் படியுங்கள். பொன்னிற வானத்தில் காகக் கூட்டம் கரைவதை நிறுத்துகிறது. அந்த வேளை ஒரு நிமிடம் தன் குரலை இழக்கிறது. வேறு எதுவும் மாறவில்லை. பொன் அப்படியே வானத்தில் இருக்கிறது, காற்று தெளிவாக இருக்கிறது.

என் கட்டுரையில் நன்றாக வந்த பகுதி ஓசையைப் பற்றியது. அஷர் ஓசையில்லாத நாளில் தொடங்கி, மரம் பிளக்கும் சத்தம், இரும்புக்கதவு உராயும் சத்தம், புயல் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஸ்க்ரூவின் அந்தக் கோபுரக் காட்சியில் இருக்கும் ஓசையும் அடங்கிப்போகிறது. ஒன்றில் அமானுஷ்யம் சத்தத்தோடு வருகிறது, மற்றதில் சத்தத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. நீங்களும் ஒளி, ஓசை, நீர், வீடு என்ற நான்கில் ஏதாவது இரண்டை மட்டும் எடுத்து ஆழமாகப் போங்கள். நான்கையும் தொட்டால் பத்துப் பக்கத்தில் எதுவும் நிற்காது.

5. அமானுஷ்யம்: பார்த்தது யார் என்று கேளுங்கள்

என் இரண்டாவது பிரதி திரும்பியது ஒரே வாக்கியத்தால். 'இரண்டு கதைகளிலும் பேய் வருகிறது' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அஷரில் பேய் எங்கே என்று கேட்டிருந்தார்.

உண்மையில் இல்லை. அந்த வீட்டுக்காரர் ரோட்ரிக் அஷரின் இரட்டைச் சகோதரி மேடலினுக்கு உடல் விறைத்து உயிரற்றதுபோல் கிடக்கும் நோய். அவள் இறந்துவிட்டாள் என்று எண்ணி, செம்புத் தகடு போர்த்திய நிலவறையில் பெட்டியை வைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள். ஏழெட்டு நாள் கழித்துப் புயல் இரவில் அவள் இரத்தம் படிந்த வெள்ளை உடையில் வாசலில் வந்து நிற்கிறாள். அவள் உயிரோடு புதைக்கப்பட்டவள், ஆவி அல்ல. அப்படியானால் அமானுஷ்யம் எங்கே? வீட்டின் கற்களுக்கு உணர்வு உண்டு என்று ரோட்ரிக் நம்புவதில். கதைசொல்லி வாசித்துக்காட்டும் கதையில் வரும் சத்தமும் கீழிருந்து வரும் சத்தமும் ஒத்துப்போவதில். அண்ணனும் தங்கையும் விழுந்த இரவிலேயே வீடும் இரண்டாகப் பிளந்து குட்டைக்குள் போவதில். ஆனால் கூரையிலிருந்து நீர்வரை ஒரு மெல்லிய விரிசல் ஓடுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறார் போ. வேண்டுமென்றால் அதை வெறும் பழைய கட்டடம் இடிந்ததாகவும் கொள்ளலாம்.

ஸ்க்ரூவில் வருபவர்கள் இறந்துபோனவர்கள்தான். பழைய வேலையாள் பீட்டர் க்வின்ட், முந்தைய கவர்னஸ் மிஸ் ஜெசல். ஆனால் அவர்களைப் பார்த்ததாகத் தெளிவாகச் சொல்பவள் இப்போதைய கவர்னஸ் மட்டுமே. ஏரிக்கரையில் அவள் கைகாட்டும்போது பக்கத்தில் நிற்கும் வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் குரோஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே சமயம், க்வின்டை முன்பின் பார்த்திராத கவர்னஸ் சொன்ன அடையாளத்தை வைத்தே மிஸஸ் குரோஸ் அவன் பெயரைச் சொல்கிறார். பேய் உண்டா, அவள் மனம் உண்டாக்கியதா? இரண்டுக்கும் கதைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. 1934இல் எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர் இது அவள் மனத்தின் தோற்றமே என்று வாதிட்டார், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிகளை இரு பக்கமும் வைத்தால் போதும்.

குறிப்பேட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, யார் பார்த்தார், கூட இருந்தவர் பார்த்தாரா, இயற்கையான காரணம் சொல்ல முடியுமா. சிவப்பு விழுந்த ஒவ்வோர் இடத்துக்கும் இந்த நான்கு கேள்வி. எனக்கு அரை நாள் ஆனது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கரிம்பனையில் யட்சி இருக்கிறாள், வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்பாள் என்று மலையாளத்து அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதையே முனி என்பார்கள். படிக்கும்போது இவை மனதில் வரும், வரட்டும், பயம் நெருக்கமாகும். ஆனால் மேடலினை யட்சி என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். யட்சி ஆளைக் கொல்லத் தேடி வருகிறவள். மேடலின் அண்ணனால் அடைத்துவைக்கப்பட்டவள்.

6. தொல்காப்பியத்தைக் கையில் எடுங்கள்

தமிழ்வழியில் படித்தது குறை என்றே எண்ணியிருந்தேன். இந்த இடத்தில்தான் அது கைகொடுத்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று சொல்லியிருக்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன், தலைவன்). பள்ளியில் மனப்பாடம் செய்த வரி.

இதை இரண்டு கதைகளிலும் பொருத்திப் பாருங்கள். கோபுரத்தில் ஆளைக் கண்டதும் கவர்னஸ் எண்ணுவது யாரோ அந்நியன் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்று. அது கள்வர் அச்சம். பிறகுதான் அது அணங்கு ஆகிறது. அடியில் இன்னொன்றும் ஓடுகிறது. குழந்தைகளின் பெரியப்பாவோ சித்தப்பாவோ, லண்டனில் இருக்கும் அந்த எஜமானர், எந்தக் காரணத்துக்காகவும் தனக்கு எழுதித் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வேலை கொடுத்தார். அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் கதையே வேறு. அவள் தயங்கித் தயங்கித் தள்ளிப்போடுகிறாள். அது இறை அச்சம். அஷரில் ரோட்ரிக்கின் பயம் இந்த நான்கில் எதிலும் அடங்காது. அவர் அஞ்சுவது அச்சத்தையே. அந்தப் பயத்தோடு போராடித்தான் உயிரையும் அறிவையும் இழப்பேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

இந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் ஆசிரியர் ஓரத்தில் கோடு போட்டு நன்று என்று எழுதினார். ஆனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் ஆங்கிலத் திறனாய்வுச் சட்டகம் மட்டுமே வேண்டும் என்பார்கள். அனுமதி கிடைத்தால் நூற்பாவைத் தந்து, ஆங்கிலத்தில் பொருள் எழுதி, எந்த உரைப்பதிப்பு என்றும் குறிப்பிடுங்கள்.

7. எழுதும் ஒழுங்கு

ஐந்து பக்கம் அஷர், ஐந்து பக்கம் ஸ்க்ரூ என்று பிரிக்காதீர்கள். அது ஒப்பீடாகாது, இரண்டு தனிக் கட்டுரைகளை ஒட்டியதாகிவிடும். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு கதையும் இருக்க வேண்டும். கதைச்சுருக்கம் முழுவதுமாக அரைப் பக்கம், அதற்குமேல் ஒரு வரி கூட வேண்டாம்.

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். யோசனை தெளிந்தபின் ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள், வரிக்கு வரி மாற்றாதீர்கள். தமிழில் மூன்று நாள், ஆங்கிலத்தில் நான்கு நாள்.

8. தாள்கள், செலவு, தேதி

டிடிபி சென்டரில் பக்கத்துக்கு 20 ரூபாய் வீதம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். இரண்டு முறை திரும்பியதில் 400 ரூபாய் போனது. போனில் கூகுள் டாக்ஸிலேயே நீங்களே அடித்துவிடலாம். கடைசி அச்சுக்கு மட்டும் கடைக்குப் போங்கள், பன்னிரண்டு பக்கம் இரண்டு பிரதிக்கு எனக்கு 72 ரூபாய் ஆனது.

என்னிடம் கேட்டவை: முகப்புத் தாள், வழிகாட்டி கையெழுத்திட்ட சான்று, இது என் சொந்த எழுத்து என்ற உறுதிமொழி, நூற்பட்டியல், நகல் சோதனை அறிக்கை. கடைசியில் சொன்னதுதான் தாமதமாகும். கடைசி வாரம் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், எனக்கு நான்கு நாள் பிடித்தது. மேற்கோள் குறி போடாமல் மூல வரியை எழுதினால் அதுவும் நகலாகவே கணக்காகும். ஒப்படைக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.

9. வைவா (வாய்மொழித் தேர்வு)

பத்து நிமிடம்தான். பென்சில் குறியிட்ட அந்த அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துப் போங்கள். என்னிடம் முதலில் கேட்டது: ஸ்க்ரூவில் வரும் சிறுவன் மைல்ஸ் எதனால் இறந்தான்? கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். சன்னலில் க்வின்டைக் கண்டதாகச் சொல்லும் கவர்னஸ் சிறுவனை இறுக அணைத்திருக்கிறாள், அமைதியான பகல், அவன் இதயம் நின்றுபோகிறது. பயத்தாலா, அவள் பிடியாலா, க்வின்டாலா என்று ஜேம்ஸ் சொல்லவில்லை என்றேன். சரி, அஷரில் இப்படிச் சொல்லாமல் விட்ட இடம் ஒன்று காட்டு என்றார்கள். திருகாணி முடுக்கிய பெட்டியை, எட்டு நாள் உணவில்லாத ஒரு பெண் எப்படித் திறந்தாள் என்ற பக்கத்தைக் காட்டினேன். அங்கே சிவப்புப் பென்சில் குறி இருந்தது.